யாக்கோபின் நடை

(வழித்துணை: மாதந்தோறும்)



மும்பையில் வாழும் தமிழ் விசுவாசிகளுக்குச் சீயோன் என்பது வேதத்தில் மட்டும் உள்ள பெயரன்று. தாராவிக்கு அடுத்தாற்போல் நாம் அன்றாடம் ரயில் ஏறி இறங்கும் சயான் நிலையத்தின் பெயரும் அதுதான். போர்த்துக்கீசியர் காலத்தில் அங்கே சிறு ஜெபாலயம் கட்டிய குருமார்கள் எருசலேமின் மலையை நினைத்து அப்பெயரை இட்டார்கள் என்று சொல்லுவார்கள். அந்த நெரிசலில் பல ஆண்டுகள் பயணம் செய்த எனக்கு, அமெரிக்க தேசத்தில் யூட்டா மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் இதே பெயரோடு ஒரு பெரும் பள்ளத்தாக்கு இருக்கிறது என்பதும், அதை இந்த முதிர்ந்த வயதில் கால் நோக நடந்து காணப்போகிறேன் என்பதும் கனவிலும் தோன்றியதில்லை.

அந்தப் பள்ளத்தாக்குக்குச் சீயோன் என்ற பெயர் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1860-களில் ஐசக் பெஹூனின் என்ற மார்மன் குடியானவர் அங்கே மரக்குடிசை ஒன்றைக் கட்டிப் பயிரிட்டார். தமக்கு அடைக்கலமான அவ்விடத்தை அவரே சீயோன் என்று அழைத்ததாகக் கூறுவர். மார்மன் சபையாரின் உபதேசம் நமக்கு உடன்பாடானதல்ல. ஆயினும் துரத்தப்பட்ட ஒரு ஜனத்தைச் சேர்ந்த மனிதர் தாம் ஒதுங்கிய இடத்துக்கு இப்படிப் பெயரிட்டதை, பிழைப்பைத் தேடி நகரத்துக்கு வந்து, பத்துக்குப் பத்து அறையில் கூடிய சபைக்கும் சீயோன் என்று பலகை மாட்டிய நம்மால் எளிதில் புரிந்துகொள்ள முடிகிறது. அவருக்கு வெகுகாலம் முன்பே பையூட் என்னும் பூர்வ குடிகள் அங்கே வாழ்ந்து வந்தார்கள். 1909-இல் அரசு அவ்விடத்தைத் தேசியச் சின்னமாக அறிவித்தபோது அவர்களுடைய சொல்லாகிய முகுந்துவீப் என்பதையே பெயராக வைத்தது. 1918-இல் அது மாற்றப்பட்டுச் சீயோன் ஆயிற்று. 1919-இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. பூர்வ குடிகளின் பெயரை எடுத்துவிட்டு வைக்கப்பட்ட பெயர் என்பதை மறவாதிருப்பது நல்லது.

மலைமுகடுகளின் பெயர்களோ இன்னும் வியப்பானவை. 1916-இல் பிரெடெரிக் ஃபிஷர் என்ற மெதடிஸ்ட் போதகர் உள்ளூர்வாசிகளோடு பள்ளத்தாக்குக்குள் சென்றார். கண்ட சிகரங்களுக்கெல்லாம் அவர்கள் பெயரிட்டுக்கொண்டே போனார்கள். தரையிலிருந்து 2,000 அடிக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் வெண்பாறை ‘பெரிய வெள்ளைச் சிங்காசனம்’ ஆயிற்று. அருகருகே நிற்கும் மூன்று முகடுகள் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆயின. எதிரே கத்தியைப்போல் நீட்டிக்கொண்டிருந்த பாறையைப் பார்த்து, தேவதூதனைத் தவிர வேறு யாரும் இதன்மேல் வந்து இறங்க முடியாது என்று ஃபிஷர் கருதினாராம். ஆகவே அது ‘ஏஞ்சல்ஸ் லேண்டிங்’, அதாவது தூதர் இறங்குமிடம். பத்தே ஆண்டுகளில், 1926-இல், அந்தப் பாறைக்கும் மனிதர்கள் வழி வெட்டிவிட்டார்கள்.

2023 அக்டோபரில் நாங்கள் அங்கே சென்றோம். மகள் லாஸ் வேகாஸ் நகரத்தில் நர்ஸ் வேலை செய்கிறாள். சூதாட்டத்துக்குப் பெயர்போன பட்டணத்திலா என்று சிலர் கேட்பதுண்டு. நினிவேயிலும் திரளான ஜனங்கள் இருந்தார்கள் என்பதே என் பதில். ஞாயிறு ஆராதனை முடிந்து, திங்கட்கிழமை விடியுமுன்னே ஆறு பேரும் காரில் புறப்பட்டோம்: மகள், மருமகன், 16 வயதுப் பேரன், 7 வயதுப் பேத்தி, என் மனைவி, நான். தூரம் ஏறத்தாழ 160 மைல். யூட்டாவின் கடிகாரம் நெவாடாவின் கடிகாரத்துக்கு ஒரு மணி நேரம் முந்தியது. ஆகையால் மூன்று மணி நேரத்துக்கும் குறைவான பயணம் நான்கு மணி நேரத்தைத் தின்றுவிடும். விடிந்த சற்று நேரத்துக்கெல்லாம் வாசலில் உள்ள கார் நிறுத்துமிடம் நிரம்பிவிடுகிறது. 2023-இல் மட்டும் 46 லட்சத்துக்கு மேற்பட்டோர் வந்த இடமல்லவா?

பள்ளத்தாக்குக்குள் சுமார் 6 மைல் நீளச் சாலை ஒன்று உண்டு. வசந்தம் முதல் இலையுதிர்காலம்வரை சொந்த வாகனங்களை அதில் விடுவதில்லை. நெரிசல் தாங்காமல் 2000-ஆம் ஆண்டு முதல் கட்டணமில்லாத ஷட்டில் பேருந்துகளை ஓட்டுகிறார்கள். நாலாவது நிறுத்தத்தில்தான் மூன்று பிதாக்களின் முகடுகள் தெரிகின்றன. இடப்புறத்தில் ஆபிரகாம், நடுவில் ஈசாக்கு. யாக்கோபோ முன்னே நிற்கும் சிவந்த குன்றுக்குப் பின்னால் பாதி மறைந்தபடி எட்டிப்பார்க்கிறார். என் மனைவி அதைக் கண்டு, “இங்கேயும் பின்னாலேதான் வருகிறாரா?” என்றாள். அந்தச் சொல் அன்று முழுவதும் என் மனத்தை விட்டு நீங்கவில்லை. காரணத்தைப் பின்னர் சொல்லுகிறேன்.

தூதர் இறங்குமிடத்தின் கடைசி அரை மைல் பாறை விளிம்பின்மேல் சங்கிலியைப் பிடித்து ஏறவேண்டிய வழி. இருபுறமும் பாதாளம். 2022 ஏப்ரல் முதல் அதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டைக் குலுக்கல் முறையில் கொடுக்கிறார்கள். ‘லாட்டரியில் விழுந்தது, அத்தை’ என்று மருமகன் தொலைபேசியில் சொன்னபோது என் மனைவி பதறிப்போய் ஜெபிக்கத் தொடங்கினாள். பரிசுச் சீட்டல்ல, மலையேறும் சீட்டு என்று விளக்க வேண்டியதாயிற்று. சீட்டு மருமகனுக்கும் பேரனுக்கும் கிடைத்திருந்தது. சங்கிலி தொடங்கும் ஸ்கௌட் லுக்அவுட் என்னும் மேட்டுவரை ஏறுவதற்கு யாருக்கும் சீட்டு வேண்டியதில்லை. அதுவரை எல்லாரும் சேர்ந்து போவது என்று தீர்மானம்.

கேட்பதற்கு 2 மைல் என்பது சிறிய தூரம். காலை ஆராதனைக்கு அதைவிட அதிகமாக நடந்துபோனவர்கள் நம் தாய்மார்கள். ஆனால் இந்த 2 மைலுக்குள் ஆயிரம் அடிக்கு மேல் ஏறவேண்டும். ஆற்றின்மேல் உள்ள நடைபாலத்தைத் தாண்டியதும் பாறைச் சுவரைச் செதுக்கிய வளைவுப் பாதை தொடங்குகிறது. வெயில் முகத்துக்கு நேரே அடிக்கிறது. காற்று மிகவும் வறண்டது. வியர்வை சட்டையில் படியாமலே காய்ந்துவிடுவதால் உடம்பிலிருந்து எவ்வளவு நீர் போயிற்று என்பதே தெரிவதில்லை. தாகமில்லை என்று என் மனைவி தண்ணீரை மறுத்துக்கொண்டே வந்தாள். மகள் நர்ஸ் அல்லவா? தாகம் வருமுன்னே குடிக்கவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி, கால் மணிக்கு ஒரு தரம் நிறுத்தி, தண்ணீரோடு உப்புக் கடலையும் கொடுத்தாள்.

முதல் வளைவுகள் முடிந்ததும் வழி இரண்டு செங்குத்துச் சுவர்களுக்கு நடுவே நுழைகிறது. வெயில் எட்டாத இடம். ரெஃப்ரிஜிரேட்டர் கேன்யன் என்று சரியாகவே பெயரிட்டிருக்கிறார்கள். குளிர்ந்த காற்று முகத்தில் பட்டபோது, நல்ல கன்மலையின் நிழலைப்பற்றி ஏசாயா 32-ஆம் அதிகாரத்தில் சொல்லப்பட்டதை நான் வாய்விட்டே நினைவுகூர்ந்தேன். அபூர்வமான ஆந்தைகள் அங்கே வாழ்கின்றன, சத்தமிடாமல் செல்லுங்கள் என்று எழுதியிருந்தார்கள். பெந்தெகொஸ்தேக்காரரான நமக்கு அது சற்றுக் கடினமான கட்டளை.

அந்த நிழலில்தான் என் மனைவியின் முழங்கால் வேலை நிறுத்தம் செய்தது. மருமகன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே ஒன்றும் சொல்லாவிட்டாலும் அவருடைய அவசரம் எல்லாருக்கும் தெரிந்தது. எத்தனையோ தரம் முயன்று கிடைத்த சீட்டு. “நீங்கள் எல்லாரும் போங்கள், நான் இங்கே இருந்துகொள்கிறேன்” என்றாள் என் மனைவி. இந்த வார்த்தையை நம் குடும்பங்களில் எத்தனை தாய்மார்கள் சொல்லியிருக்கிறார்கள்! ஊரிலிருந்து நகரத்துக்கு நாம் புறப்பட்டபோது திண்ணையில் நின்ற நம் தாய்மார் சொன்ன வார்த்தையும் இதுவே. மகள் தன் தாயோடு தங்கிவிட்டாள். பேத்தி மட்டும் அண்ணனை விடமாட்டேன் என்று அடம் பிடித்ததால் நாங்கள் நால்வரும் மேலே சென்றோம்.

அடுத்து வருவது வால்ட்டர்ஸ் விகிள்ஸ். பூங்காவின் முதல் மேற்பார்வையாளர் வால்ட்டர் ரூஷ் என்பவரின் பெயரால் அழைக்கப்படும் 21 குறுகிய வளைவுகள் அவை. ஒன்றன்மேல் ஒன்றாகக் கல்லால் கட்டப்பட்டு, மேலிருந்து பார்த்தால் மடித்து வைத்த பாய்போல் தோன்றுகின்றன. குழந்தை ஒவ்வொன்றையும் சத்தமாக எண்ணிக்கொண்டு ஏறினாள். பதினான்கில் எண்ணிக்கை நின்றது, அழுகை தொடங்கியது. மருமகன் அவளை முதுகில் ஏற்றிக்கொண்டார். மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருடைய கால்கள் நடுங்குவதைக் கண்டேன்.

ஸ்கௌட் லுக்அவுட்டில் நின்று பார்த்தால் பள்ளத்தாக்கு முழுவதும் காலடியில் கிடக்கிறது. இத்தனை ஆழத்தையும் அறுத்த வர்ஜின் நதி ஒரு நூல்போலத் தெரிகிறது. எதிரே தூதர் இறங்குமிடத்தின் முதுகெலும்பு. அதன்மேல் சங்கிலியைப் பிடித்து எறும்புகளைப்போல் மனிதர்கள் ஊர்ந்துகொண்டிருந்தார்கள். பக்கத்தில் எச்சரிக்கைப் பலகை ஒன்று. 2004 முதல் அந்த வழியில் விழுந்து மாண்டவர்களின் எண்ணிக்கையை அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். காற்று பலமாக வீசத் தொடங்கியிருந்தது. மருமகன் பலகையை வாசித்தார், சங்கிலியைப் பார்த்தார், தம் முழங்கால்களைத் தடவிப் பார்த்தார். பிறகு மகனிடம், “இன்றைக்கு வேண்டாம், தம்பி” என்றார்.

பேரனுக்குக் கண் கலங்கிவிட்டது. தகப்பனிடம் பேசாமல் என்னிடம் திரும்பி, “தாத்தா, 91-ஆம் சங்கீதத்தில் தூதர்களைப்பற்றி என்ன சொல்லியிருக்கிறது? நீங்கள்தானே மனப்பாடம் பண்ண வைத்தீர்கள்?” என்றான்.

அந்தக் கேள்வி விளையாட்டுக்குக் கேட்கப்பட்டதன்று. ஆகவே நானும் விளையாட்டாகப் பதில் சொல்லவில்லை. அதே சங்கீதத்தை உயரமான ஓர் இடத்தில் நின்று இதற்கு முன்னே ஒருவன் எடுத்துச் சொன்னான், அவன் யார், யாரிடத்தில் சொன்னான் என்று கேட்டேன். மத்தேயு 4-ஆம் அதிகாரம் அவனுக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டான். தேவாலயத்து உப்பரிகையின்மேல் நின்ற ஆண்டவர் தூதர்களின் பலத்தைச் சந்தேகிக்கவில்லை. தூதர்கள் உண்டு என்பதற்காகக் குதிக்கவேண்டும் என்பதைத்தான் ஏற்கவில்லை. பிசாசு அந்த வசனத்தைச் சொன்னபோது, நாம் நடக்கவேண்டிய வழிகளில் காக்கப்படுவதைப் பேசும் பகுதியை விட்டுவிட்டுச் சொன்னான் என்று நம் போதகர்கள் பிரசங்கிப்பதும் உண்டு.

இதை மலையேற்றத்துக்கு மட்டும் எழுதவில்லை. அந்தச் சங்கிலியைப் பிடித்து ஏறுவது பாவமன்று. தகுந்த பலத்தோடு தகுந்த நாளில் ஆயிரக்கணக்கானோர் ஏறி இறங்குகிறார்கள். ஆனால் நம் சபைகளில் நிதானமாய் நடக்கிறவனைப் பார்த்து, ‘உனக்கு விசுவாசம் இல்லை’ என்று சொல்லுகிற வழக்கம் ஒன்று இருக்கிறது. சாட்சி சொல்லவேண்டும் என்ற ஆவலில் சர்க்கரை நோய் மாத்திரையை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவர்களை நாம் அறிவோம். இருதய நோயுள்ள தகப்பனாரை மூன்று நாள் உபவாசக் கூட்டத்தில் உட்கார வைத்த பிள்ளைகளையும் அறிவோம். தேவன் சுகமாக்குகிறவர் என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை, என் வீட்டிலேயே அதைக் கண்டிருக்கிறேன். மாத்திரையை எடுத்துக்கொண்டே சுகத்துக்காக ஜெபிப்பதில் என்ன அவிசுவாசம்? மருந்தை மருத்துவரே பரிசோதித்து நிறுத்தட்டும். அதுவும் மேடையேறி அறிவிக்கத் தக்க நல்ல சாட்சிதான்.

பேரனுக்கு நான் ஆதியாகமம் 33-ஆம் அதிகாரத்தையும் சொன்னேன். காலையில் பேருந்து நிறுத்தத்தில் என் மனைவி சொன்ன சொல் நினைவிருந்தது. இருபது வருஷம் அந்நிய ஊரில் பிழைத்த யாக்கோபு மனைவிகளோடும் பிள்ளைகளோடும் மந்தைகளோடும் திரும்பி வருகிறான். ஏசா 400 ஆட்களோடு எதிர்கொண்டு வந்து, சேர்ந்து போவோம் வா என்கிறான். யாக்கோபு சம்மதிக்கவில்லை. பிள்ளைகள் இளையவர்கள், கறவைகள் குட்டிகளோடு இருக்கின்றன, ஒரே நாள் அவசரப்படுத்தினாலும் தாங்காது என்று காரணம் சொல்லி, அண்ணனை முன்னே போகச் சொல்லிவிட்டு, சிறுவர்களின் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொள்கிறான். தந்திரமாய்ச் சொன்ன சாக்கு என்று சில விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். ஏசாவிடத்தில் அவனுக்கு இருந்த பயத்தை நானும் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் பெரும்பாலும் கவனியாத ஒன்று உண்டு. முந்தின இரவில்தான் யாப்போக்கு ஆற்றங்கரையில் அவனுடைய தொடைச்சந்து சுளுக்கியிருந்தது. பொழுது விடிந்தபோது அவன் நொண்டி நடந்தான் என்று 32-ஆம் அதிகாரம் சொல்லுகிறது. குடும்பத்தின் தலைவனே நொண்டுகிறான்! பிள்ளைகளின் கால் நோவு அவனுக்குத் தெரியாமல் இருக்குமா?

பேரன் இதைக் கேட்டு உடனே சமாதானமானான் என்று எழுதினால் அது பொய்யாகும். இறங்கும்போது வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எங்களுக்கு இருபது அடி முன்னே நடந்தான். இறக்கம் ஏற்றத்தைவிட எளிது என்று எண்ணவேண்டாம். மூச்சுக்குத்தான் எளிது. முழங்காலுக்கு அதுவே பெரிய சோதனை. நிழலில் உட்கார்ந்திருந்த என் மனைவியை மகள் ஒரு கையிலும் நான் மறு கையிலும் தாங்கினோம். ஏற ஆன நேரத்தைவிட இறங்க அதிக நேரம் ஆயிற்று. மருமகன் ஒருமுறைகூட கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

மாலைப்பொழுதைக் காரிலேயே கழித்தோம். முழங்கால் வலியுள்ள பெரியவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது இந்தக் கிழக்குச் சாலையைத்தான். பள்ளத்தாக்கின் தரையிலிருந்து வளைந்து வளைந்து ஏறிப் பாறைக்குள்ளேயே நுழையும் இச்சாலை 1930-இல் திறக்கப்பட்டது. சுரங்கத்தின் நீளம் 1.1 மைல். கட்டியவர்கள் பாறைச் சுவரில் பெரிய ஜன்னல்களை வெட்டியிருக்கிறார்கள். கும்மிருட்டில் போகும்போது திடீரென்று ஒரு ஜன்னல் வரும். சிவந்த மலைகள் கண்ணிமைக்கும் நேரம் தோன்றி மறையும். மறுபடியும் இருட்டு. என் மனைவி ஒவ்வொரு ஜன்னலுக்கும் “ஸ்தோத்திரம்” என்றாள், பேத்தியும் கூடவே சொல்லத் தொடங்கினாள்.

சுரங்கத்தைத் தாண்டினால் உலகமே மாறிவிடுகிறது. செங்குத்துச் சுவர்கள் போய், அலை அலையாக உறைந்த கற்குன்றுகள் வருகின்றன. இவை முற்காலத்தில் காற்று குவித்த மணல்மேடுகள், பின்னர் இறுகிக் கல்லாயின என்று நிலவியல் அறிஞர்கள் விளக்குகிறார்கள். அவர்கள் சொல்லும் கோடிக்கணக்கான ஆண்டுகளைக் குறித்து நம் சகோதரர்களுக்குள்ளே கருத்து வேறுபாடு உண்டு. அந்த வாதத்துக்குள் இங்கே நான் இறங்கவில்லை. செக்கர்போர்டு மேசா என்னும் குன்றில் குறுக்குக் கோடுகள் மணல் படிந்த அடுக்குகள். நெடுக்குக் கோடுகள் குளிரிலும் வெயிலிலும் பாறை சுருங்கி விரிந்ததால் உண்டான வெடிப்புகள். இரண்டும் சேர்ந்து ராட்சதச் சதுரங்கப் பலகைபோல் தெரிகின்றன. இந்தக் கல் மழைநீரை உறிஞ்சிக்கொள்ளும். அந்த நீர் உள்ளே துளித்துளியாக இறங்கி, கடினமான அடுக்கில் முட்டி, ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பயணத்துக்குப் பிறகு பள்ளத்தாக்கின் சுவரில் ஊற்றாகக் கசிவதும் உண்டாம்.

சுரங்கத்தின் கிழக்கு வாசலருகே கேன்யன் ஓவர்லுக் என்ற சிறிய நடைவழி இருக்கிறது. போய்வர ஒரு மைல்தான், முடிவில் வேலியிட்ட முனை. தகப்பனும் மகனும் அங்கே போனார்கள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது பேரன் பின்னிருக்கையில் பாட்டியின் காலடியில் உட்கார்ந்து, அவள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டான். “இன்னொரு தரம் சீட்டுப் போடுவேன், தாத்தா” என்றான். போடு, நானும் ஜெபிக்கிறேன் என்றேன்.

பிள்ளைகள் வெளிதேசத்தில் இருக்கும் பெற்றோர் பலர் இந்தப் பகுதியை வாசிக்கிறீர்கள். ஒரு நாளில் ஒன்பது இடங்களைக் காட்டிவிடவேண்டும் என்று பிள்ளைகள் அன்பினால் ஆசைப்படுவார்கள். ‘எனக்கு முடியவில்லை’ என்று முதல் மைலிலேயே சொல்லிவிடுங்கள். மூன்றாவது மைலில் சொன்னால் எல்லாருக்கும் சிரமம். ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர், வழுக்காத காலணி, ஊன்றுகோல் அவசியம். செருப்போடு போகவேண்டாம். கோடையில் அங்கே வெப்பம் 38 டிகிரிக்கு மேலும் போவதால் ஏற்றத்தை விடிகாலையிலேயே முடித்துவிடவேண்டும். ஆற்று நீரைக் குடிக்கக்கூடாது. 2020-இல் அந்த நதியில் நச்சுப்பாசி இருப்பதைக் கண்டறிந்தார்கள்.

2025-இல் மறுபடியும் குலுக்கலில் சீட்டு விழுந்து, தகப்பனும் மகனும் காற்றில்லாத ஒரு காலைப்பொழுதில் சங்கிலி வழியே ஏறி, பத்திரமாக இறங்கினார்கள். உச்சியிலிருந்து எடுத்த படம் ஒன்றை அனுப்பியிருந்தான். எதிரே பெரிய வெள்ளைச் சிங்காசனம் வெயிலில் பளிச்சென்று தெரிகிறது. தங்கையும் அவளுடைய தாயும் ஸ்கௌட் லுக்அவுட்டில் காத்திருந்தார்கள். இந்த முறை குழந்தை 21 வளைவுகளையும் எண்ணி முடித்தாளாம், தன் காலாலேயே.